பொதிகுதிரைப் பாலத்தில் ஒரு கல்யாணக் குதிரை

கணக்குப் போடுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. ஐரோலி ஆபீஸில் உங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. நான் வேலையில் இருந்தபோதே அது என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டது. டீ குடிக்கவும் எழுந்து போகாது. ஆனால் கல்யாணக் குதிரையை டெம்போவிலிருந்து இறக்குவது எப்படி, பழைய கல்பாலத்தின் உச்சியில் அது ஆட ஆரம்பித்தால் எதிரில் நிற்கும் அரசாங்க அதிகாரியிடம் என்ன சொல்வது என்பதெல்லாம் எந்த சாஃப்ட்வேரிலும் இல்லை. எனக்குத் தெரியும். ரிட்டயர் ஆன பிறகு அந்த அறிவை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உங்களிடமே கொடுத்துவிடுகிறேன்.

பழைய கட்டுமானங்களைப் பழுதுபார்ப்பதுதான் நம் தொழில். கோட்டை, கிணறு, சர்ச் என்று மற்றவர்களுக்கு அழகழகாக வேலை வந்தது. எனக்கு வந்தது சஹ்யாத்ரி அடிவாரத்தில் ஓர் ஓடையின் மேல் இருந்த பொதிகுதிரைப் பாலம். ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கேமராவோடு கிளம்பிவிடுவீர்கள், ஆகவே சொல்ல மாட்டேன்.

வண்டிப் பாதை போடாத காலத்தில் மலைக்கு மேலிருந்து கீழே அரிசியும், கீழிருந்து மேலே உப்பும் போனது குதிரை முதுகில், மாட்டு முதுகில். இந்தப் பக்கம் ஒரு மூட்டை, அந்தப் பக்கம் ஒரு மூட்டை. அவற்றுக்காகக் கட்டிய பாலம் அது. மாட்டுங்கா மார்க்கெட் சந்தில் இரண்டு மாமிகள் காய்கறிப் பையோடு எதிரெதிரே வந்தால் ஒருவர் பூக்கடைக்குள் ஒதுங்கித்தான் ஆக வேண்டும் இல்லையா, ஏறத்தாழ அந்த அகலம்தான். ஒரே ஒரு வளைவு, ஒட்டகத் திமில் மாதிரி நடுவில் உயர்ந்திருக்கும். மழைக்காலத்தில் ஓடை சட்டென்று பொங்கும், தண்ணீர் அடியில் தாராளமாகப் போகட்டும் என்றுதான் அந்த உயரம். வளைவில் உள்ள கற்களை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்காதீர்கள். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் அவை விழாமல் இருக்கின்றன. லோக்கல் ட்ரெயினில் மூன்று பேர் சீட்டில் நான்கு பேர் உட்காருகிறோமே, யாராவது விழுகிறோமா? அதே தத்துவம்.

இரண்டு ஓரத்திலும் கைப்பிடிச்சுவர் உண்டு. ஆனால் முழங்காலுக்குக் கீழேதான் வரும். கட்டியவருக்குக் கல் போதாமல் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். குதிரையின் விலாவில் தொங்கும் மூட்டை சுவரில் இடிக்காமல் அதற்கு மேலே போக வேண்டும். சுவரை உயர்த்தினால் பாலத்தையும் அகலமாக்க வேண்டும், கல்லும் கூலியும் ஏறும். சுவரைத் தாழ்த்திவிட்டால் குறுகலான பாலத்தில் அகலமான பொதி போய்விடும். அந்தப் பாலத்தின் மூளை முழுவதும் அந்தக் குட்டைச் சுவரில்தான் இருந்தது.

சிக்கலும் அங்கேதான் வந்தது. பாலத்தின் ஒரு பக்கச்சுவர் வயிறு தள்ளியிருந்தது. உள்ளே மழைநீர் இறங்கி நிரப்புமண்ணை ஊற வைத்திருந்தது. அடுத்த மழைக்குள் அதைப் பிரித்துக் கட்டாவிட்டால் சுவர் சரியும், பாதை போகும். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ஊருக்கு வேறு குறுக்குவழி கிடையாது. மலையைச் சுற்றித்தான் வர வேண்டும். வேலைக்கு அனுமதி தர வேண்டியவர் ஓர் எக்ஸிக்யூட்டிவ் என்ஜினியர். திலக் நகரில் பிறந்து வளர்ந்த தமிழர். மீட்டிங்கில் என்னிடம் இந்தியும் இங்கிலீஷும்தான் பேசுவார். தமிழில் பேசினால் சலுகை கேட்டுவிடுவேன் என்ற பயமோ என்னவோ. வெளியில் அவர் ஹெல்மெட்டைக் கழற்றி நான் பார்த்ததில்லை. ஏசி அறைக்குள்ளும் அது மேஜை மேல், கை எட்டும் தூரத்தில் இருக்கும்.

அதற்கு முந்தைய மழையில் பிக்னிக் வந்த ஒருவர் அந்தப் பாலத்தின் ஓரத்தில் செல்ஃபி எடுக்கப் பின்னால் நகர்ந்து, நகர்ந்து, ஓடைக்குள் போய்விட்டார். இடுப்பளவு தண்ணீர். ஆளுக்கு ஒன்றுமில்லை. போன் மட்டும் அரபிக்கடலை நோக்கிப் போய்விட்டது. அவர் எழுதிப் போட்ட புகாரின் விளைவாக நம் அதிகாரி தீர்மானித்தார்: பாலத்தின் இரு பக்கமும் நெஞ்சளவு இரும்புக் கம்பிவேலி. அதற்காக ஓரக் கற்களில் துளை போட வேண்டும்.

"சார், ஓரக் கல்லில் துளை போட்டால் அது ஆட்டம் கண்டுவிடும். கம்பி வந்தால் பாதையும் குறுகிவிடும். அந்தச் சுவர் தாழ்வாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது" என்று நான் வரைபடம் வரைந்து காட்டினேன். இன்னொரு மீட்டிங்கில் கலர் போட்டுக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "ரெய்லிங் இல்லாமல் சேங்க்ஷன் இல்லை" என்றார். மாங்காய் சீசன் வந்துவிட்டது, மழை அதற்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

நம் பழைய பாஸுக்குப் போன் செய்து புலம்பினேன். அவர் எப்போதும் இரண்டே வாக்கியம்தான் பேசுவார். "உட்கார்ந்து வாதாடாதே. நேரில் காட்டு" என்று வைத்துவிட்டார். அதிகாரியைப் பாலத்துக்கு அழைத்துப்போய்க் காட்டு என்றுதான் அவர் சொன்னார். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் குதிரையைக் காட்டச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஊரில் விசாரித்தால், குதிரையா, இங்கே யாரிடமும் கிடையாது, வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள்தான் என்றார்கள். ஐயோ பாவம், ஒரு குதிரைகூட இல்லாத ஊரா என்று இரக்கப்பட்டுக்கொண்டே மும்பை திரும்பினேன்.

மும்பையில் குதிரை வேண்டுமென்றால் கல்யாணக்காரர்களிடம்தான் போக வேண்டும். எங்கள் கட்டட வாட்ச்மேன் சொல்லி, மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் முத்துக்குட்டியைப் பிடித்தேன். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்தவர். இவன் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை வாடகைக்கு விடுகிறவன். குதிரை கட்டியிருந்த இடத்தின் சுவரில் அதன் படத்தோடு "சாந்தினி" என்று போர்டு.

"வெளிய சாந்தினிக்கா. வீட்டுல செல்லக்கனி" என்றான். "செல்லக்கனின்னு போர்டு வச்சா குஜராத்திக்காரன் எவன் புக் பண்ணுதான்?"

"மூட்டை சுமந்திருக்காளா?"

"மூட்டை சொமந்ததில்ல. மாப்பிள்ள சொமந்திருக்கா."

"மாப்பிள்ளையை விட மூட்டை லேசாத்தானே இருக்கும்?"

"அது மாப்பிள்ளையப் பொறுத்ததுக்கா" என்றான் முத்துக்குட்டி. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரே ஒரு விசயம். கொட்டுச் சத்தம் கேட்டாத்தான் நடப்பா. அப்படியே பழகிட்டா, பாத்துக்கிடுங்க. எம் மச்சானும் டோலும் கூட வரணும்."

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. எந்த முட்டாள்தனமும் உள்ளே இருந்து பார்க்கும்போது ரொம்ப நியாயமாகத்தான் இருக்கும். வெளியே வந்து நின்று ஒருமுறை பாருங்கள் என்று யாராவது சொல்ல வேண்டும், அன்று யாரும் சொல்லவில்லை. தாராவித் தையல் பட்டறைகளில் கழித்துப் போட்ட வெட்டுத் துணியை இரண்டு பெரிய சாக்கில் அடைத்தோம். பார்க்கப் பெரிய பொதி, தூக்கினால் பஞ்சு. செல்லக்கனிக்கு வலிக்காது.

அதிகாரியையும் வரச் சொல்லிவிட்டு, காலையில் பாலத்துக்குப் போனோம். வயிறு தள்ளிய சுவருக்கு நான் முன்பே மரமுட்டு கொடுத்து வைத்திருந்தேன். நம் ஆட்கள் அதிகாரி கேட்ட உயரத்துக்கு, அவர் கேட்ட இடத்திலேயே, இரண்டு ஓரமும் மூங்கிலில் வேலி கட்டினார்கள். குதிரை வரும், பொதி மூங்கிலில் மாட்டும், அதிகாரி பார்ப்பார், மூங்கிலை அவிழ்ப்போம், குதிரை ஜம்மென்று போகும். இதுதான் திட்டம். ஒரு பேப்பரில் எழுதினால் நாலு வரிகூட வராது.

டெம்போவின் கதவைத் திறந்ததும் செல்லக்கனி இறங்கவில்லை. மச்சான் டோலில் ஒரு தட்டுத் தட்டினார். ராஜகுமாரி மாதிரி இறங்கினாள். அந்தச் சத்தத்துக்கு ஊரே ஓடையோரம் வந்துவிட்டது. பளபளவென்று தலையில் குஞ்சம், நெற்றியில் கண்ணாடிச் சுட்டி. அதையெல்லாம் கழற்றிவிட்டு வா என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெண் என்னிடம், "நவ்ரா குடே?" என்று மராத்தியில் கேட்டாள், மாப்பிள்ளை எங்கே என்று. நான் பதில் சொல்வதற்குள் எல்லாரும் ஹெல்மெட்டும் ஆரஞ்சுச் சட்டையுமாக நின்ற எக்ஸிக்யூட்டிவ் என்ஜினியரைப் பார்த்தார்கள். அவருக்குக் காது சிவந்துவிட்டது.

அதிகாரி நன்றாகப் பார்க்க வேண்டும் என்று உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். முத்துக்குட்டி கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தான். அவனுக்குப் பின்னால் பொதியோடு செல்லக்கனி. அவளுக்குப் பின்னால், உதை விழாத தூரத்தில் டோல். கடைசியில், பாலத்தின் இந்த முனையில் நான். பாதி வழி அருமையாகப் போயிற்று. பாலம் மிகவும் குறுகும் உச்சிக்கு வந்ததும் பொதி இரண்டும் மூங்கிலில் கச்சிதமாக மாட்டிக்கொண்டன. குதிரை நின்றது.

"பார்த்தேளா சார்!" என்று நான் இந்த முனையிலிருந்து கத்தினேன். "இதுக்குத்தான் சுவரைத் தாழ்வாக் கட்டியிருக்கான்!"

அவர் குதிரையைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

"சரி மேடம், ஒத்துக்கறேன். ஆனா இப்போ யார் மேடம் குதிரை மேல மூட்டை கொண்டு போறா?"

அத்தனை நாள் நான் நிரூபிக்கப் பாடுபட்டது எந்தக் காலத்திலோ உப்பு மூட்டை கொண்டு போனவனின் கஷ்டத்தை. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான், அவனுடைய குதிரையும் போய்விட்டது. அதிகாரியின் கேள்விக்கு என்னிடம் கலர் போட்ட வரைபடம்கூட இல்லை. வேலை போயிற்று, சுவர் போயிற்று, மழையில் பாலமும் போயிற்று என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

அப்போதுதான் எனக்குப் பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. சாதாரண ஹார்ன் இல்லை. பாட்டு மாதிரி ஏறி இறங்கி, கடைசியில் ஒரு குழல் ஊதுகிற ஹார்ன்.

செல்லக்கனியின் காது நிமிர்ந்தது. கல்யாண ஊர்வலத்தில் டோல் நின்று குழல் தொடங்கினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆட ஆரம்பித்துவிட்டாள்.

பாலத்தின் உச்சியில். பொதியோடு. மூங்கிலுக்கு நடுவில்.

"நிறுத்துலே கொட்ட!" என்று முத்துக்குட்டி கத்தினான். மச்சான் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். ஆனால் ஹார்ன் நிற்கவில்லை. சாக்கு மூங்கிலில் உராய்ந்து கிழிந்து, சிவப்பும் பச்சையும் ஜரிகையுமாக வெட்டுத் துணி காற்றில் பறந்தது. ஓடையோரம் நின்ற ஊர் கைதட்டியது.

இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு முதலில் தோன்றுவதைச் செய்யாதீர்கள். எனக்கு முதலில் தோன்றியது, பாலம் விழப்போகிறது, எல்லாரும் ஓடுங்கள் என்று கத்துவது. கத்தியிருந்தால் முத்துக்குட்டி கயிற்றை விட்டிருப்பான், அதிகாரி குதித்திருப்பார், நிஜமாகவே யாருக்காவது கால் ஒடிந்திருக்கும். ஒரு மூச்சு விட்டு யோசித்தேன். பொதிகுதிரை வரிசையையே தாங்கிய வளைவு அது. ஒரு செல்லக்கனியையெல்லாம் அது ஏறெடுத்துக்கூடப் பார்க்காது. பயப்பட வேண்டியது பாலத்துக்காக அல்ல, குதிரை மிரண்டுவிடக் கூடாதே என்றுதான். அதனால் மெதுவாகக் கேட்டேன்.

"முத்துக்குட்டி, கல்யாணத்துல இவ ஆடிண்டிருக்கறப்போ எப்படி முன்னால நகர்த்துவேள்?"

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னால ஆடிக்கிட்டே பின்னால போவாங்கக்கா. அவங்கள பாத்துக்கிட்டே இவ நடப்பா. நான் ஆடுனா நடக்க மாட்டேங்கா. நான் கயித்துக்காரம்னு தெரியும்."

பாலத்தின் அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி ஒரே ஒருவர்தான் இருந்தார்.

"சார்," என்றேன், "ஆடுங்கோ."

"என்ன மாமி சொல்றேள்?" மீட்டிங்கில் மேடம், அந்த உச்சியில் நான் மாமியாகிவிட்டேன்.

"கொஞ்சமா ஆடுங்கோ. ஆடிண்டே பின்னால போங்கோ. வேற வழி இல்லை."

அவர் ஊரைப் பார்த்தார். ஊர் அவரைப் பார்த்தது. சில போன்கள் ஏற்கெனவே உயர்ந்திருந்தன. பிறகு அந்த மனிதர், இதை நான் மரியாதையோடு சொல்கிறேன், இரண்டு கையையும் தூக்கினார். முதலில் போக்குவரத்துப் போலீஸ் மாதிரிதான் இருந்தது. மச்சான் மறுபடி டோலை எடுத்ததும் தோள் குலுங்கியது. திலக் நகர் கணபதி ஊர்வலத்தில் ஆடாத பையன் உண்டா என்ன? ஹெல்மெட் ஆட, ஆரஞ்சுச் சட்டை பளபளக்க, அவர் ஆடிக்கொண்டே பின்னால் இறங்கினார். நம் ஆள் ஒருவன் உச்சியிலிருந்து அந்தக் கரை வரை மூங்கிலைக் கட்டிய கயிறுகளை அறுத்துத் தள்ளினான். செல்லக்கனி அவரையே பார்த்தபடி, பொதியை அந்தக் குட்டைச் சுவருக்கு மேலே அசைத்துக்கொண்டு, அழகாக அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

எனக்குப் பின்னால் ஹார்ன் அடித்தவர் அதற்குள் பொறுமை இழந்திருந்தார். "அரே, யே க்யா தமாஷா ஹை? தூத் கராப் ஹோ ஜாயேகா!" என்ன கூத்து இது, பால் கெட்டுவிடும் என்று கத்தினார். திரும்பிப் பார்த்தேன். பால்காரர். மோட்டார் சைக்கிள். சீட்டின் இந்தப் பக்கம் இரண்டு கேன், அந்தப் பக்கம் இரண்டு கேன். எங்களைத் தள்ளிக்கொண்டு ஏறினார். உச்சிக்குச் சற்று முன்பு வரை போனார். உச்சிக்கு இந்தப் பக்கத்து மூங்கில் இன்னும் நின்றது, அவர் கேன்கள் செல்லக்கனியின் பொதியைவிட அகலம். கேன்கள் டங்கென்று அதில் மாட்டின.

வண்டியை நிறுத்தி, யாரிடமும் கேட்காமல், திட்டிக்கொண்டே மூங்கிலைப் பிடுங்கி ஓடையில் எறிந்தார். பிறகு கேன்கள் குட்டைச் சுவருக்கு மேலே உரசாமல் போக, சர்ரென்று இறங்கி, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அதிகாரியைத் தாண்டிப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கேஸ் சிலிண்டர் கட்டிய ஒரு ஸ்கூட்டர். அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் புல்லுக்கட்டு தொங்கும் ஒரு சைக்கிள். பொதிகுதிரைகள் எல்லாம் வரிசையாக நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. தாராவி வரை போய் நான் ஒரு குதிரையைத் தேடியிருந்தேன்.

அதிகாரி சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். சிலிண்டர் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி, தரையிலிருந்து சிலிண்டரின் அடி வரை அளந்தார். பிறகு கைப்பிடிச்சுவரை அளந்தார். இரண்டாவது தடவை அளந்தார்.

"ரெய்லிங் வேண்டாம்" என்றார்.

ஆனால் அவர் முடிக்கவில்லை. "செல்ஃபி எடுக்கறவன் மறுபடி விழுவானே, அதுக்கு என்ன பண்ணப் போறேள்?" அதற்கான பதில் அவரிடமே இருந்தது. ஓடைக்கரையில் கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய தட்டைப் பாறை. அங்கிருந்து பார்த்தால் வளைவும் தண்ணீரில் அதன் நிழலும் சேர்ந்து முழு வட்டமாகத் தெரியும். "பாலத்து மேல நின்னா பாலம் எப்படி ஃபோட்டோவில விழும்? பாறைக்கு ரெய்லிங் போடுங்கோ. எல்லாரும் அங்கதான் நிப்பா." அவ்வளவுதான். அத்தனை மீட்டிங்கில் நான் அவரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விழுகிறவனைப் பற்றி அவர் கவலைப்பட்டார், போகிறவனைப் பற்றி நான் கவலைப்பட்டேன். இருவரும் அந்தப் பாலத்தடியில் ஒரு காலைப்பொழுது சும்மா உட்கார்ந்து யார் வருகிறார் யார் போகிறார் என்று பார்த்திருந்தால், ஒரு குதிரைக்கும் ஒரு டோலுக்கும் அன்று விடுமுறை கிடைத்திருக்கும். நீங்கள் வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் அந்தக் காலைப்பொழுதை உட்கார்ந்து பாருங்கள். பிஸ்கட் எடுத்துப்போங்கள்.

சுவரைப் பிரித்து, ஊறிய மண்ணை எடுத்து, கல்லை மறுபடி அடுக்கி முடித்தபோது மேகம் கூடிவிட்டது. திறப்பு விழா என்று ஒன்று வைத்தார்கள். பாலத்தின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, ஒரு பெரிய மனிதருக்காக எல்லாரும் காத்திருந்தோம். அவர் வரவில்லை. வெயில் ஏறியது. ஊர்க்காரர்கள் அதிகாரியைக் காட்டிக் காட்டி ஏதோ கிசுகிசுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய ஆட்டம் அந்தத் தாலுகாவின் எல்லாப் போனிலும் இருந்தது.

அந்தப் பாட்டு ஹார்ன் கேட்டது. பால்காரர் ரிப்பனுக்கு முன்னால் வந்து நின்றார். கேன்கள் வெயிலில் மின்னின. ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி, சாகிப் வரும் வரை நில் என்றார். பால்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். மேடையில் தட்டில் வைத்திருந்த கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு நேராகப் போய், ரிப்பனை வெட்டி, ஒதுங்கி நின்றார். பால்காரர் ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லாமல் ஏறி இறங்கிப் போனார். பின்னாலேயே சிலிண்டர், புல்லுக்கட்டு, ஒரு கட்டிலைத் தலைகீழாகக் கட்டிய மோபெட்.

பெரிய மனிதர் ஒருவழியாக வந்து இறங்கி, ரிப்பன் எங்கே என்று தேடினார். பாலத்தை யார் திறந்தது என்று கோபமாகக் கேட்டார். அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு அவருக்கு மராத்தியில் ஏதோ விளக்கம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், மெதுவாகச் சொன்னார்.

"பாலத்தைப் பால்தான் மாமி திறக்கணும். இவருக்கு எப்படி டிரான்ஸ்லேட் பண்றது?"